ஆறில்லா ஊரில் தூண்டில்

பண்ணைப் பாலத்தைக் கடந்து ஊர்காவற்றுறை வீதியில் மேற்கே போனால், மண்டைதீவுச் சந்தி தாண்டியதும் வருவது அல்லைப்பிட்டி. வேலணைத் தீவின் கிழக்கு முனை. இந்தப் பக்கத்தில் தூண்டில் போடுகிறவர்களின் முகம் வழமையாகக் கடலேரியைப் பார்த்தபடிதான் இருக்கும். ஒருவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உள்ளே ஒரு குளக்கட்டில் தங்கூசியோடு குந்தியிருந்தால், வழியால் போகிறவர் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்: “கடல் கிடக்கேக்க, குளத்தில என்ன மீன்?”

நியாயமான கேள்வி. தீவுப்பகுதியில் ஆறு கிடையாது. குடாநாட்டிலும் மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றைத்தான் ஆறு என்று சொல்லிக்கொள்கிறோம். அதுவும் அராலியில் கடலேரிக்குள் போய் முடிந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்துக்கு ஆண்டில் சுமாராக 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்கள் வெயிலுக்கும் காற்றுக்கும் உரியவை. இப்படி ஒரு நிலத்தில் நன்னீர் மீன் உயிரோடு இருப்பதே அதிசயம். அதைத் தூண்டிலில் பிடிக்கப் பருவம் பார்த்து ஒருவர் காத்திருப்பது அதைவிட அதிசயம். அவர் பார்க்கிற நாட்காட்டியை உற்றுப் பார்த்தால், அது தண்ணீரில் எவ்வளவு ஒட்சிசன் கரைந்திருக்கிறது, எவ்வளவு உப்பு சேர்ந்திருக்கிறது என்ற கணக்காகவே இருக்கும்.

முதலில் தண்ணீரின் கதை. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியது. ஆகவே மழைநீர் மணலுக்குள்ளும் சுண்ணக்கல்லுக்குள்ளும் இறங்கும்போது, அடியில் இருக்கிற உப்புநீரோடு உடனே கலந்துவிடாமல் அதன்மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் கிடக்கும் இந்த நீர்ப்படையை நன்னீர் வில்லை என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தரான கைபனும், 1901இல் ஜெர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியாக ஒரே கணக்கைப் போட்டார்கள்: நிலத்தடி நன்னீரின் மேல்மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நின்றால், அடியில் ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும். தலைகீழாகப் பார்த்தால் இதே கணக்குப் பயமுறுத்தும். மேலே ஒரு சாண் குறைந்தால் கீழே ஒன்பது மீற்றர் கடல் ஏறிவரும். தாழ்ந்த தீவுகளில் மேலே ஒரு மீற்றர் நிற்பதே அபூர்வம். அதனால்தான் முன்னோர் தாழ்ந்த இடமெல்லாம் குளம் வெட்டி, மழையைக் கடலுக்கு ஓடவிடாமல் மறித்தார்கள். குளத்தில் நிற்கிற தண்ணீர்தான் மெல்ல இறங்கிக் கிணற்றைச் சவராகாமல் காக்கிறது. மீன், அந்த ஏற்பாட்டில் ஒட்டிக்கொண்டு வந்த இலாபம்.

இடையில் ஒன்று. 1977இல் ஜோன் கார்ஸ்வெல் என்ற தொல்லியலாளர் அல்லைப்பிட்டிக் கரையில் தோண்டியபோது, சீனத்துச் சொங் வம்சக் காலத்துப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. ஏறக்குறைய 900 ஆண்டுப் பழையவை. இந்தத் தட்டையான கரைக்குச் சீனப் பீங்கான் ஏற்றிய கப்பல் ஏன் வந்தது என்பதற்கு வரலாற்றாசிரியர்கள் வணிகக் காரணங்கள் சொல்வார்கள். நான் அதோடு குடிதண்ணீரையும் சேர்த்துக்கொள்வேன். நீண்ட கடல்வழி வந்தவர்களுக்கு மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிற கரை சும்மா இல்லை.

தூண்டில்காரருக்கு ஆண்டு பிறப்பது சித்திரையில் இல்லை, ஐப்பசியில். புரட்டாதி வரை வெடித்துக் கிடந்த குளத்தரையில் முதல் பெருமழை விழுந்து கணுக்கால் அளவு தண்ணீர் கட்டுகிறது. அடுத்த இரண்டொரு கிழமைக்குள் அதில் மீன் துள்ளுகிறது. எங்கிருந்து வந்தது? மழையோடு வானத்திலிருந்து விழுந்தது என்று நம்பியவர்கள் உண்டு. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமேர்சன் டெனன்ற், 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியிருக்கிறார். வறண்ட குளத்தை மண்வெட்டியால் வெட்டி, ஈரக் களியிலிருந்து உயிருள்ள மீன்களைச் சனங்கள் எடுப்பதைக் கண்ணால் கண்ட அலுவலர்களின் சாட்சியங்களை அவர் சேர்த்து வைத்திருக்கிறார். ஒரு பகுதி விடை அந்தக் களிக்குள் இருக்கிறது. இன்னொரு பகுதி விடை இரவு மழையில் தரையில் நடந்து வருகிறது.

நடக்கிற மீன் பனையேறிக் கெண்டை. செவுள் மூடியின் ஓரத்தில் இதற்கு வாள்பல்போல முட்கள் உண்டு. அந்த மூடியை விரித்து நிலத்தில் ஊன்றி, வாலால் உந்தி, ஈரப் புல்லிலும் வெள்ளவாய்க்காலிலும் குளம் விட்டுக் குளம் போகும். 1791ஆம் ஆண்டு நவம்பரில், தரங்கம்பாடியில் டென்மார்க்குக்காரரின் படையில் இருந்த டால்டோர்ஃப் என்ற லெப்டினன்ற், குளத்தருகே நின்ற பனைமரமொன்றில் ஐந்தடி உயரத்தில், மழைநீர் வழிந்துகொண்டிருந்த பட்டை இடுக்கில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். லண்டன் லின்னேயன் சங்கம் அதை 1797இல் பதிப்பித்தது. அதன்பிறகு நூறாண்டுக்கு மேலாக அறிஞர்கள் இந்த மீன் பனை ஏறுமா, ஏறாதா என்று வாதாடினார்கள். காற்றைச் சுவாசிக்கும் இந்திய மீன்களைப் பற்றி 1927இல் பெரிய ஆய்வொன்றை வெளியிட்ட பி. கே. தாஸ் சொன்ன விளக்கம் பலருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும்: தரையில் ஊர்ந்துபோகிற மீனைக் காகமும் பருந்தும் தூக்கிக்கொண்டுபோய்ப் பனையில் வைத்துவிடுகின்றன, மீன் சாகாமல் அங்கே கிடந்து நெளிகிறது. தரையில் நடப்பதை யாரும் மறுக்கவில்லை. எனக்கு அதுவே போதுமான அதிசயம்.

நடக்க முடிவதற்குக் காரணம் கால் இல்லை, மூச்சு. முப்பது பாகை வெப்பத்தில் ஒரு லீற்றர் நன்னீரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஒட்சிசன்தான் கரையும். ஒரு லீற்றர் காற்றில் அது ஏறக்குறைய 270 மில்லிகிராம். முப்பத்தாறு மடங்கு! தலைக்கு மேலே ஒரு முழத்தில் இவ்வளவு பெரிய களஞ்சியம் இருக்கும்போது, சூடான சேற்றுக்குளத்து மீன்கள் அதை விட்டுவைக்குமா? பனையேறிக் கெண்டைக்குச் செவுளின் மேலே, மடிப்பு மடிப்பாக எலும்புத் தகடுகளும் அவற்றைப் போர்த்திய இரத்தக் குழாய்களும் கொண்ட ஓர் அறை இருக்கிறது. விராலுக்கும் அதே இடத்தில் எளிமையான ஓர் அறை. சுங்கானுக்கு, அதாவது தமிழ்நாட்டில் தேளி என்கிற மீனுக்கு, செவுள் அறையிலிருந்து பின்னோக்கி உடம்புக்குள் நீளும் இரண்டு காற்றுக் குழல்கள். முதல் இரண்டும் ஒரே கிளையைச் சேர்ந்தவை; சுங்கான் வேறொரு கிளையிலிருந்து வந்து, அதே தேவைக்காக ஏறத்தாழ அதே விடையைக் கண்டுபிடித்தது. விரால் இந்தப் பழக்கத்துக்கு அடிமையாகவே ஆகிவிட்டது. மேலே வந்து காற்றை விழுங்கவிடாமல் வலையால் மறித்தால், நல்ல தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும்.

களியும் நடையும் அண்டைக் குளங்களுக்கு விடை சொல்லும். கடல் சூழ்ந்த தீவுக்கு நன்னீர் மீன் முதலில் எப்படி வந்தது? இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீற்றர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக்கு நீரிணையின் பெரும்பகுதி பதினைந்து மீற்றர் ஆழம்கூட வராது. ஆகவே அல்லைப்பிட்டி அன்று தீவே இல்லை. இராமநாதபுரத்து மண்ணோடு ஒட்டிய சமவெளியின் ஒரு மேடு. அதில் ஓடைகளும் சதுப்புகளும் இருந்திருக்கும். கடல் திரும்பி ஏறியபோது சில மீன்கள் மேட்டில் மாட்டிக்கொண்டிருக்கலாம். உப்பைக் கொஞ்சம் தாங்குகிறவை பின்னரும் வந்திருக்கலாம். பப்புவா நியூகினிக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையில் டோரஸ் நீரிணையிலுள்ள பொய்கு, சைபாய் தீவுகளில் பனையேறிக் கெண்டை போய்ச் சேர்ந்திருப்பதைக் கண்டு, அது தங்கள் பெருநிலத்துக்கும் வந்துவிடுமோ என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கவலைப்படுகிறார்கள். பறவைகளும் உதவுகின்றன. 2020இல் ஹங்கேரிய ஆய்வாளர்கள் கெண்டை இன மீன்களின் முட்டைகளைக் காட்டுவாத்துகளுக்குத் தின்னக் கொடுத்து, எச்சத்தைச் சலித்தார்கள். ஆயிரம் முட்டைக்கு இரண்டு என்ற அளவில் உடையாமல் வெளியே வந்தன. அவற்றில் சில குஞ்சும் பொரித்தன. ஆயிரத்துக்கு இரண்டு என்பது சிரிக்கத்தக்க கணக்காகத் தோன்றலாம். பருவந்தோறும் கூட்டம் கூட்டமாகத் தீவகக் கடலேரிக்கு வந்திறங்குகிற வலசைப் பறவைகளையும், ஒரு மீன் இடுகிற முட்டைகளின் ஆயிரக்கணக்கையும் பெருக்கிப் பார்த்தால் சிரிப்பு வராது. மனிதர் வாளியில் கொண்டுவந்து விட்டவையும் உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் மழை நாட்களில் அனுபவமுள்ள தூண்டில்காரர் குளத்தடிக்குப் போய்ப் பார்ப்பாரே தவிர, தூண்டில் போட அவசரப்படமாட்டார். ஆறு மாதக் குப்பை, சாணம், சருகு எல்லாவற்றையும் வெள்ளம் அள்ளிக் கொண்டுவந்திருக்கும். அவற்றை உண்ணும் பற்றீரியாக்கள் தண்ணீரிலிருந்த ஒட்சிசனையும் சேர்த்துத் தின்றுவிடும். செவுளை மட்டுமே நம்பியிருக்கிற மீன்கள் வாயைத் திறந்தபடி மேலே மிதக்கும். செரிப்பதற்கும் ஒட்சிசன் வேண்டும் என்பதால் அவை இரையைத் திரும்பியும் பார்க்காது. கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் கலங்கல். குளம், தரவை, வாய்க்கால், கடலேரி எல்லாம் ஒன்றோடொன்று தொடுத்துக்கொள்கிற காலம் அது, மீன் பரந்துபோய்விடும். மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டு மிதப்பைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவ்வளவுதான்.

தை பிறந்ததும் எல்லாம் மாறும். வாடைக்காற்று தணிந்து, கலங்கல் அடியில் படிந்து, தண்ணீர் தெளியும். தையும் மாசியும்தான் இவருடைய அறுவடைக் காலம். விடியற்காலைப் பனியில் போய்க் குந்துவது வீண்வேலை. மீனின் உடல்வெப்பம் தண்ணீரின் வெப்பமே. பத்துப் பாகை குறைந்தால் அதன் உடலின் இயக்கம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். வெயில் ஏறி, ஆழம் குறைந்த ஓரத்துத் தண்ணீர் சூடாகிற ஒன்பது, பத்து மணிக்குத்தான் பசி பிறக்கும். பாண் துண்டை உமிழ்நீரில் பிசைந்து சிறு கொளுவியில் உருட்டிப் போட்டால் திலாப்பியா வரும். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா நாட்டின் குளங்களெங்கும் பரவிவிட்ட மீன். பிறப்பிடம் ஆபிரிக்கா, இங்கே பலரும் அதை ஜப்பான் மீன் என்கிறார்கள். யார் கொண்டுவந்து விட்டாலும் பழியை ஜப்பானியர்மேல் போடுவது நமக்குச் சுகம்.

இந்த மீன் தீவகத்துக்கென்றே செய்துவைத்ததுபோல இருப்பதற்குக் காரணம் உப்பு. எந்த எலும்பு மீனின் இரத்தத்திலும் உப்பு, கடல்நீரில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். நன்னீரில் வாழும் மீனுக்குள் தண்ணீர் ஓயாமல் புகுந்துகொண்டிருக்கும், உப்பு கசிந்துகொண்டிருக்கும். அது தண்ணீர் குடிக்காது, சிறுநீரை ஏராளமாக விட்டபடி, செவுளால் உப்பைப் பிடித்து இழுக்கும். கடல்மீனுக்கு நேரெதிர்: தண்ணீர் உடம்பை விட்டுப் போய்க்கொண்டே இருப்பதால் அது கடலைக் குடித்து, உப்பைச் செவுளால் வெளியே தள்ளும். பெரும்பாலான மீன்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் தெரியும். திலாப்பியா செவுளிலுள்ள கலங்களைச் சில நாட்களுக்குள் மாற்றியமைத்து, உள்ளே இழுத்துக்கொண்டிருந்ததை வெளியே தள்ளத் தொடங்கிவிடும். ஆடியில் குளம் சுண்டிச் சவர் ஏறினாலும், மாரியில் கடலேரிக்குள் அடித்துச் செல்லப்பட்டாலும் அதற்குக் கவலையில்லை. இதே வித்தை தெரிந்தபடியால்தான் மடவையும் பாற்கெண்டையும் கடலில் பிறந்து, குஞ்சாக உள்நீருக்குள் ஏறி வளர முடிகிறது.

திலாப்பியாத் தூண்டிலில் ஆண் மீனே கூட அகப்படுவது தற்செயலானது இல்லை. பங்குனி வெயிலில் ஓரத்துத் தரையில் தட்டுத் தட்டாகக் குழிகள் தெரியும். ஆண் தோண்டிய கூடுகள் அவை. பெண் அங்கே முட்டையிட்டு, உடனே அவற்றை வாய்க்குள் எடுத்துக்கொள்ளும். குஞ்சு பொரித்துத் தனியே நீந்தப் பழகும் வரை, இரண்டு மூன்று கிழமை, அது ஒழுங்காகத் தின்னாது. வாயைத் திறவாத மீனுக்கு எந்தப் பாண் துண்டு ஆசை காட்டும்?

விராலோ வேறு விளையாட்டு. றப்பர் தவளையை நீர்ப்பாசிமேல் தத்தவிட்டு இழுத்தால், தண்ணீர் உடைகிற சத்தத்தோடு வந்து விழும். கையில் தடி அதிர்கிற அந்தக் கணத்துக்காகவே பலர் வெயிலில் காய்கிறார்கள். ஆனால் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொதிப்பதுபோல எழுந்து அமிழ்வதைக் கண்டால், அதன் அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கிறது என்று அர்த்தம். அப்போது தவளைமேல் பாய்வது பசியால் இல்லை, காவலால். குஞ்சுகளும் காற்றைக் குடிக்க அடிக்கடி மேலே வர வேண்டியவை என்பதால், அவை ஒளிந்து வாழ வழியில்லை. காவல் போனால் கொக்கும் பெரிய மீன்களும் மிச்சம் வைக்கா. அந்தக் கூட்டத்தின்மேல் தவளையை எறிகிறவரைத் தூண்டில்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சித்திரையிலிருந்து குளம் பச்சை பிடிக்கும். பாசி நுண்ணுயிர்கள் பகலில் வெயிலை உண்டு ஒட்சிசனை வெளியிடும். பிற்பகல் மூன்று மணிக்குத் தண்ணீரில் அது ததும்பி நிற்கும். இரவில் அதே பாசியும் மூச்சுவிடும். குளத்தில் ஒட்சிசன் மிகவும் வற்றுகிற நேரம் விடியலுக்குச் சற்று முன். ஆகவே இந்த மாதங்களில் குளத்தில் இரண்டு வேளை வேட்டை நடக்கிறது. விடியல் விராலுக்கும் சுங்கானுக்கும் உரியது; திணறிக்கொண்டிருக்கும் சிறுமீன்களை அவை ஆறுதலாகப் பிடித்துத் தின்னும். பிற்பகல் திலாப்பியாவுக்கு உரியது. கோடைக் குளத்தில் எந்த நேரம் எந்த மீன் அகப்படும் என்று கிழவர்கள் கணக்காகச் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்த இரவு பகல் ஏற்ற இறக்கம். சுங்கானைக் கொளுவியிலிருந்து கழற்றும்போது மட்டும் பொறுமை வேண்டும். அதன் மார்புச் செட்டை முள்ளில் நஞ்சு இருக்கிறது. குத்தினால் சொல்ல முடியாத கடுப்பு.

வைகாசியில் சோளகம் எழும்பும். இந்தக் காற்றால் இலாபம் அடைகிறவர் குறைவு. அது தண்ணீரை வெயிலோடு போட்டிபோட்டுக் குடிக்கும். நீர் குறையக் குறைய மீன்கள் நெருங்கும், உப்பு ஏறும். நெருக்கத்தில் திலாப்பியா வளர்வதை நிறுத்திவிட்டு, விரல் நீளத்திலேயே முட்டையிடத் தொடங்கும். பிழைத்துக்கிடக்க நாள் இல்லையென்றால் வளர்ந்து என்ன பயன் என்பதுபோன்ற ஒரு கணக்கு அது. இதன் உச்சத்தை ஆபிரிக்காவில் பார்க்கலாம். மொசாம்பிக், சிம்பாப்வே பக்கத்து மழைக்குட்டைகளில் வாழும் நொதோபிராங்கியஸ் என்ற சிறு மீன், முட்டையிலிருந்து வெளிவந்து இரண்டு கிழமைக்குள் முதிர்ந்து முட்டையிட்டுவிடும். குட்டை வற்றியதும் பெற்றோர் எல்லாம் செத்துப்போகும். முட்டைகள் காய்ந்த மண்ணில் வளர்ச்சியை நிறுத்திவைத்து அடுத்த மழைவரை கிடக்கும். நம் குளங்களில் முட்டை காத்திருப்பதில்லை, பெற்றோரே காத்திருக்கின்றன. விரால் களிக்குள் புதைந்து, ஈரம் இருக்கும்வரை மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு கிடக்கிறது.

வற்றுகிற குளத்தைக் கணக்கில் எடுத்து அரசும் ஒரு முறையை வைத்திருக்கிறது. வன்னியிலும் தெற்கிலும் உள்ள பருவகாலக் குளங்களில் மாரி முடிவில் கட்லா, ரோகு போன்ற மீன்களின் குஞ்சுகளை விட்டு, வற்றும் மாதங்களில் ஒரேயடியாக அள்ளுவார்கள். 1990இல் அன்றைய அரசு உள்நாட்டு மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவை விலக்கியபோது இது தளர்ந்தது. 1994க்குப் பிறகே மீண்டும் உயிர்பெற்றது. ஆடி, ஆவணியில் தீவகத்துக் குளக்கட்டில் வேலையில்லாமல் போகிற தூண்டில்காரர் பஸ் ஏறிக் கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுவுக்குப் போவதும் உண்டு. அங்கே ஆண்டு முழுக்கத் தண்ணீர்.

ஊரில் சுண்டி மிஞ்சிய தண்ணீரில் இந்த மாதங்களில் அகப்படுகிற மீனுக்குச் சேற்று மணம் அதிகம் என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். அந்த மணத்தின் பெயர் ஜியோஸ்மின். நீலப்பச்சைப் பாசிகளும் மண்ணிலுள்ள ஒருவகைப் பற்றீரியாக்களும் செய்கிற பொருள். 1965இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் கேர்பரும் லெஷவாலியேயும் அதைப் பிரித்தெடுத்தார்கள். மனித மூக்கு அதை இலட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே பிடித்துவிடும். சூடான, ஆழமற்ற, பச்சைத் தண்ணீரில் அது பெருகும். மீன் செவுள்வழியாக அதை உறிஞ்சிக் கொழுப்பில் சேர்த்துவைக்கும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் வெடித்த மண்ணிலிருந்து எழும்பும் வாசமும் பெரும்பாலும் இதே ஜியோஸ்மின்தான். மழையில் வந்தால் மூச்சை இழுத்து அனுபவிக்கிறோம், கறியில் வந்தால் கோப்பையைத் தள்ளிவைக்கிறோம். பிடித்த மீனைச் சில நாள் தெளிந்த கிணற்றுத் தண்ணீரில் உயிரோடு விட்டுவைத்தால் மணம் குறையும். அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு வழி: அமிலம் பட்டால் ஜியோஸ்மின் உடைந்து மணமற்ற வேறொரு பொருளாகிவிடும். குளத்து மீனுக்குப் பழப்புளியைக் கொஞ்சம் தடிப்பாகவே கரைத்துவிட வேண்டும்.